தீப்பெட்டி மேல் நின்ற லேப்டாப்

"தம்பி, லேப்டாப்புல உயிரே இல்லடா. நானும் அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன். ஒரு லைட்டும் வரல."

அம்மா போனில் இதைச் சொன்னது 2024 ஜனவரி 10, புதன்கிழமை இரவு. பொங்கலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அம்மா வேதாரண்யத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற துணிகள்தான் அவருடைய வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு. யாருக்கு என்ன அளவு, யார் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், யார் துணி எந்தப் பையில் இருக்கிறது என்று எல்லாமே அந்த லேப்டாப்பில் ஒரே எக்ஸெல் கோப்பில் இருந்தன. அக்கா பழக்கிவிட்டது அது. அதற்குப் பிறகு அம்மா அளவு நோட்டே வைத்துக்கொள்ளவில்லை.

லேப்டாப்பும் அக்காவுடையதுதான். 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 2014-ல் பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர். அக்கா அதை வைத்துக் கல்லூரியை முடித்தாள். நான் தட்டச்சு பழகியது அதில்தான். அப்புறம் அது அம்மாவின் தையல் மேசைக்குப் போனது.

மறுநாள் அம்மா அதை மஞ்சள் பையில் போட்டு, பஸ் ஏறி, பக்கத்து ஊரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: "போர்டு போயிடுச்சும்மா. மாத்தணும்னா 6,500 ஆகும். இவ்ளோ பழசுக்கு அந்தக் காசு போடணுமா?" அம்மா எனக்குப் போன் செய்து, "அப்ப அவ்ளோதானா தம்பி?" என்று கேட்டார். கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பண்டிகை நேரத்தில் ஒரு பழைய மெஷினுக்காக இரண்டு மணி நேரம் உட்கார யாருக்கும் முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த லேப்டாப்பில் அளவுக் கணக்கு மட்டும் இல்லை, அப்பாவும் இருந்தார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பில் பாதி மரம் தரையில் கிடந்தது. நிவாரணத்துக்குக் காட்ட வேண்டும் என்று அப்பா விழுந்த ஒவ்வொரு தென்னையையும் என் பழைய போனில் படம் எடுத்தார். மரத்துக்குப் பக்கத்தில் தானும் நின்று, ஆள் உயரம் தெரியட்டும் என்று என்னையும் எடுக்கச் சொன்னார். 63 படங்கள். அப்பா 2021-ல் தவறிவிட்டார். அந்தப் போன் எப்போதோ போய்விட்டது. படங்கள் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. வேறெங்கும் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் கேபிள் ஒன்று 380 ரூபாய், வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று 300 ரூபாய், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட். இரவு பஸ்ஸில் கிளம்பி, காலையில் வீட்டில் இருந்தேன்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் கழற்றினேன். மெஷினை உயிர்ப்பிக்கும் முயற்சிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் உள்ளே இருப்பதும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். பெரும்பாலும் மின்சாரம் வரும் பாதையில் எங்கேயோ கோளாறு இருக்கும், அவ்வளவுதான். தகவல் இருக்கும் டிஸ்க் தனிப் பொருள். பத்து வருடத்துக்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலும் அடிப்பக்கம் ஒரு மூடி இருக்கும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த மூடியின் இரண்டு ஸ்க்ரூவைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க்கும் ரேம் என்ற தற்காலிக நினைவகப் பட்டையும் கண்ணுக்குத் தெரியும். டிஸ்க்கை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும்.

என் ஆபீஸ் லேப்டாப்பில் அதை இணைத்தேன். மெல்லிய சுழலும் சத்தம் கேட்டது. நான்கைந்து விநாடியில் கோப்புகள் எல்லாம் திரையில் வந்தன. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முதலில் அளவுக் கோப்பைத் திறந்து காட்டினேன். அப்புறம் அந்தப் படங்களை. அடுத்த அரை மணி நேரம் எந்த வேலையும் நடக்கவில்லை.

இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று என் லேப்டாப்பில், ஒன்று பென் டிரைவில். கடையில் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். அது இல்லாமலே மெஷின் ஆன் ஆகிறதா என்று அவர்களால் சோதிக்க முடியும். ஆனால் புதிய லேப்டாப்கள் எல்லாம் இவ்வளவு சுலபமில்லை. சிலவற்றில் தகவல் சில்லு போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கழற்றவே முடியாது. விண்டோஸ் 11 உள்ள பல மெஷின்களில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற பூட்டு மென்பொருளால் பூட்டப்பட்டிருக்கும். வேறு மெஷினில் இணைத்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் படம் ஒன்றும் கிடைக்காது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று மெஷின் நன்றாக ஓடும்போதே பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

மனதில் பாரம் குறைந்ததும் மெஷினுக்கு வந்தேன். இடம் வேண்டும் என்று தையல் மேசையைச் சுத்தமாக ஒழித்தேன். நூல்கண்டு, கத்தரிக்கோல், சாக்கட்டி, ஒரு தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். அந்தத் தீப்பெட்டியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சுவர் பிளக்கில் போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தேன், ஏறியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்துவிட்டு லேப்டாப் அடாப்டரை நேராகச் சுவரில் சொருகினேன். அடாப்டரின் பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கை நம்பக் கூடாது. விளக்கு எரியத் தேவைப்படும் கரண்ட் மிகக் கொஞ்சம். லேப்டாப் கேட்பது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அதனால் மீட்டரை எடுத்தேன்.

அடாப்டரின் முதுகில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அதாவது 65 வாட். மீட்டரை டிசி 20 வோல்ட் என்ற இடத்தில் திருப்பி, சிவப்பு முனையைப் பிளக்கின் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வைத்தேன். மீட்டர் 1 என்று காட்டியது. இருபது வர வேண்டிய இடத்தில் ஒன்றா? அடாப்டர்தான் போயிருக்கிறது, 600 ரூபாயில் வேலை முடிந்தது என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். அது தவறு. விலை குறைந்த மீட்டர்களில் 20 வோல்ட் அளவில் 19.99 வரைதான் எண் வரும். அதற்கு மேல் போனால் இடது ஓரத்தில் தனியாக ஒரு 1 நிற்கும். அது ஒரு வோல்ட் இல்லை, 'என் எல்லையைத் தாண்டிவிட்டது' என்று மீட்டர் சொல்கிறது. அடுத்த அளவான 200-க்குத் திருப்பினேன். 20.1 வோல்ட். அடாப்டர் நன்றாகத்தான் இருந்தது. முதல்முறை மீட்டர் பிடிக்கும் யாருக்கும் இந்த ஒற்றை 1 குழப்பத்தை உண்டாக்கும். 19 வோல்ட், 19.5 வோல்ட் அடாப்டராக இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

அளக்கும்போது இரண்டு முனையும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டர் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உடைத்துத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 300 வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் அது தேங்கி நிற்கும்.

அப்புறம் எல்லாரும் சொல்கிற பவர் பட்டன் வைத்தியம். அடாப்டரும் இல்லாமல், பேட்டரியும் இல்லாமல், பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிப்பது. இதை மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன், ஆனால் காரணம் இருக்கிறது. லேப்டாப்பில் பவர் பட்டனைக் கவனிப்பதற்கென்றே ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு எப்போதும் விழித்திருக்கும். கரண்ட் ஏறி இறங்கும்போது அது சில நேரம் திகைத்துப்போய் நின்றுவிடும். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட்டால் அது முதலிலிருந்து தொடங்கும். பல மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும். எங்களுடையது எழவில்லை.

எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு டிவி மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். தட்டை டிவி வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. இப்போது மிக்ஸி, இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்கிறார். லேப்டாப்பையும் அடாப்டரையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"கரண்ட் எது வரைக்கும் வந்திருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நாங்கள் காவிரியின் கடைமடைக்காரர்கள். வயலுக்குத் தண்ணீர் வராத நாட்களில் அப்பா வயலில் நிற்க மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். தண்ணீர் எங்கே கடைசியாக நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. ஆகாயத்தாமரையாக இருக்கும், சரிந்த மண்ணாக இருக்கும், யாரோ வைத்த மடையாக இருக்கும். வயலைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கடையில் 'போர்டு போச்சு' என்றது வயலில் நின்று சொன்ன பதில். நான் காலையிலிருந்து செய்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோண்டிப் பார்த்ததுதான்.

அண்ணன் வரிசையாகப் போனார். மீட்டரில் 20 வருகிறது, சரி. பாரம் கொடுத்தால் தாங்குமா? பழைய டிவியில் கழற்றிய பெரிய 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தார். அதை அடாப்டரின் குறுக்கே போட்டால் 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 40 வாட். சில விநாடிதான் போட்டார். ரெசிஸ்டர் கொதித்துவிட்டது. வோல்டேஜ் 19.8-க்குக் கீழே இறங்கவில்லை. "அடாப்டரை மறந்துடு. தண்ணி மதகு தாண்டி வந்துருச்சு." லேப்டாப்பில் சொருகியபோது அடாப்டரின் பச்சை விளக்கு அணைகிறதா என்று பார்த்தார். அணையவில்லை. அணைந்தாலோ விட்டுவிட்டு எரிந்தாலோ உள்ளே ஏதோ ஷார்ட் என்று அர்த்தம். அப்படி இருந்தால் மேற்கொண்டு கரண்டே கொடுக்கக் கூடாது. எங்களுடையதில் ஷார்ட் இல்லை. கரண்ட் உள்ளே போகவே இல்லை போலிருந்தது. அதற்குள் அவருக்கு மோட்டார் வேலைக்கு அழைப்பு வந்துவிட்டது. "சாயங்காலம் வா, பிரிச்சுப் பாப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து, திரும்பவும் மேசையில் வைத்துச் சொருகிப் பார்த்தேன். அம்மா தையல் மெஷினில் தைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டா, அதுக்கு அடியில தீப்பெட்டி வைக்கல?"

ஆறு மாதமாக அம்மா சார்ஜர் பிளக்குக்கு அடியில் தீப்பெட்டியை வைத்து ஓட்டியிருக்கிறார். பிளக் கொஞ்சம் தூக்கி இருந்தால்தான் லேப்டாப்பின் விளக்கு எரியுமாம். பேட்டரி செத்து நான்கு வருடம் ஆகிறது, சார்ஜரில்தான் நேராக ஓடும். அதனால் தீப்பெட்டி நகர்ந்தால் மெஷின் அணைந்துவிடும். அவருக்கு அது பழகிப்போன விஷயம், கோளாறு என்றே தோன்றவில்லை. கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததோடு, மேசையை ஒழிக்கும்போது அந்தத் தீப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தவனும் நான்தான். ஜன்னல் கட்டையிலிருந்து எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தேன். விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தது. பிளக்கை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். மறுபடி ஒரு மின்னல். மெஷினைத் திறக்காமலே அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது.

யாராவது உங்களிடம் ஓடாத மெஷினைக் கொண்டுவந்தால், அதைத் தொடுவதற்கு முன் அதைத் தினமும் பயன்படுத்துகிறவரிடம் கேளுங்கள். 'என்ன ஆச்சு' என்று கேட்டால் 'ஒண்ணும் ஆகல, திடீர்னு நின்னுடுச்சு' என்றுதான் பதில் வரும். 'எப்படி ஆன் பண்ணுவீங்க, எப்படி அணைப்பீங்க, எங்க வெச்சு ஓட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க' என்று கேட்க வேண்டும்.

மாலையில் அண்ணன் வீட்டில் பிரித்தோம். கீபோர்டு, மேல் தட்டு, அப்புறம் போர்டு. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் போட்டு முறுக்கினால் அது மறுபக்கம் குத்திக்கொண்டு போகும். கீபோர்டின் பட்டைக் கேபிளை இழுத்துக் கழற்றக் கூடாது. அதன் வாயில் ஒரு மெல்லிய பூட்டு இருக்கும், நகத்தால் அதை நிமிர்த்தினால் கேபிள் தானாக வரும். இதில் அவசரப்பட்டால் பூட்டு உடையும். பிறகு அதற்கென்று தனி வேலை.

சார்ஜர் சொருகும் ஜாக்கைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். அதன் கால்களில் ஒன்றைச் சுற்றி முடி போல ஒரு வட்டக் கீறல். ஈயம் காலை விட்டுப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு முறை சொருகும்போதும், வயரைப் பிடித்து மெஷினைத் தூக்கும்போதும் அந்த விசை முழுக்க இந்த ஈயத்தில்தான் விழுகிறது. கீறல் விழுந்தபின் அங்கே குட்டிக் குட்டியாகப் பொறி பறக்கும், சுடும், கீறல் இன்னும் பெரிதாகும். பக்கத்தில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எங்கள் ஊர் உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியே ஐந்து வருடம் தாங்காது. கீறலுக்குள் போன உப்பு ஈரம் மிச்சத்தைத் தின்றிருக்கிறது.

பழைய ஈயத்தை உருக்கி முழுக்க எடுத்துவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் களிம்பைத் தேய்த்துத் துடைத்து, ஈயம் நன்றாகப் பிடிக்க ஃபிளக்ஸ் தடவிப் புது ஈயம் வைத்தார். மைனஸ் கால் போர்டின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை எல்லாம் அது குடித்துவிடும். சின்ன 25 வாட் சால்டரிங் அயர்ன் அங்கே போதாது. ஈயம் மேலே உருண்டு நிற்கும், பிடிக்காது. பெரிய அயர்னை வைத்துத்தான் முடித்தார். அதனால்தான் சொல்கிறேன், சால்டரிங் கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையைப் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள். கரண்ட் கொடுப்பதற்கு முன் ஜாக்கின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்து ஷார்ட் இல்லை என்று உறுதி செய்தார். கூலி 150 ரூபாய் வாங்கினார். அதற்கு மேல் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் பூட்டி, பட்டனை அழுத்தினேன். விளக்கு வந்தது. காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒன்றுமில்லை. வயிற்றில் புளியைக் கரைத்தது. சரி செய்யப் போய் போர்டையே எரித்துவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. பத்து நிமிடம் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் அண்ணனின் கேள்வி நினைவுக்கு வந்தது. இப்போது கரண்ட் எது வரைக்கும் வந்திருக்கிறது? விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது. பாதிக்கு மேல் வந்துவிட்டது. அப்படியானால் இது பழைய கோளாறே இல்லை, வேறொன்று.

இருட்டில் போன் டார்ச்சைத் திரை மேல் சாய்த்து அடித்துப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் மட்டும் போயிருந்தால் மங்கலாக எழுத்து தெரியும். தெரியவில்லை. டிவியில் இணைத்துப் பார்த்தேன். அதிலும் படம் வரவில்லை. அப்படியானால் கோளாறு திரையில் இல்லை. அடுத்தது ரேம்.

அடி மூடியைத் திறந்து இரண்டு ரேமையும் கழற்றினேன். ஒன்று லேப்டாப்போடு வந்த 2 ஜிபி, இன்னொன்று அக்கா கல்லூரியில் வாங்கிப் போட்ட 2 ஜிபி. தங்க நிறத்தில் இருக்க வேண்டிய விளிம்பு மங்கி, திட்டுத் திட்டாகப் பழுப்பேறி இருந்தது. மறுபடியும் உப்புக் காற்று. இத்தனை வருடம் அசையாமல் இருந்ததால் தொடர்பு அப்படியே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. பிரித்துப் பூட்டியதில் நாங்கள்தான் அசைத்துவிட்டிருக்கிறோம். அம்மாவின் பென்சில் அழிரப்பரால் விளிம்பை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஐசோப்ரோபைலில் துடைத்துக் காயவைத்தேன். மணல்தாள், பிளேடு எதுவும் கூடாது, அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஒரே ஒரு ரேமை மட்டும் முதல் இடத்தில் போட்டு, 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன். ஆன் செய்தேன். கொஞ்சம் நேரம் எடுத்தது. ரேமை மாற்றிய பிறகு முதல்முறை சில மெஷின்கள் அப்படித்தான் தாமதிக்கும், பயந்து உடனே அணைத்துவிடக் கூடாது.

திரையில் எழுத்து வந்தது. அம்மாவைக் கூப்பிடவில்லை. இரண்டாவது ரேமையும் போட்டு, மூன்று முறை அணைத்து அணைத்து ஆன் செய்து பார்த்த பிறகுதான் கூப்பிட்டேன்.

ஒரு சின்ன மிச்சம் இருந்தது. தேதி 2013 என்று காட்டியது. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் எல்லாம் 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டும். போர்டில் இருக்கும் காசு மாதிரியான செல்தான் காரணம். 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.9 காட்டியது. சிஆர் 2032, கடைத்தெருவில் 40 ரூபாய். சில மெஷின்கள் இந்தச் செல் செத்துப்போனால் ஆன் ஆகவே அடம்பிடிக்கும். ஆகவே பழைய மெஷினைத் திறக்கும்போதே இதையும் அளந்துவிடுவது நல்லது.

மறுநாள் போகி. விடியற்காலையில் தெருப் பையன்கள் பழைய பொருள் கேட்டு வந்தபோது அம்மா அந்தச் செத்த பேட்டரியையும் எடுத்துக் கொடுக்கப் போனார். நல்லவேளை நான் விழித்திருந்தேன். லித்தியம் பேட்டரி நெருப்பில் வெடிக்கும். சார்ஜ் நிற்காத பேட்டரியும் வெடிக்கும். பக்கத்தில் குழந்தைகள் நிற்பார்கள். பழைய பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. நான் அதன் முனைகளில் டேப் ஒட்டிச் சென்னைக்கு எடுத்துவந்து, மின்கழிவு வாங்கும் பெட்டியில் போட்டேன். உங்கள் லேப்டாப் மெலிதானதாக இருந்து, டச்பேட் மேலே எழும்பியோ மூடி சரியாக மூடாமலோ இருந்தால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தி மூட முயலாதீர்கள். சார்ஜ் போடுவதையும் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இது பழைய மெஷின் என்பதால் இவ்வளவும் கையால் பார்க்க முடிந்தது. அக்காவின் புது லேப்டாப் டைப்-சியில் சார்ஜ் ஆகிறது. அதில் சார்ஜரும் மெஷினும் முதலில் 5 வோல்ட்டில் பேசிக்கொண்டு, ஒத்துக்கொண்ட பிறகுதான் 20 வோல்ட்டுக்குப் போகும். அந்தச் சார்ஜரை இப்படி மீட்டரால் அளந்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே முதல் சோதனை, அதே வாட் உள்ள இன்னொரு சார்ஜரையும் இன்னொரு கேபிளையும் சொருகிப் பார்ப்பது. போன் சார்ஜரைச் சொருகி, ஏறவில்லை என்று முடிவுக்கு வரக் கூடாது.

தண்ணீரோ காபியோ கொட்டிய மெஷினில் மட்டும் இதில் எதையும் முயலாதீர்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், பட்டனை 'வருதா பார்ப்போம்' என்று ஒருமுறைகூட அழுத்தாதீர்கள், அன்றைக்கே தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதில் நாள்தான் போகும், களிம்பு ஏறிக்கொண்டே இருக்கும். கருகிய வாசனை வந்தாலும் அப்படியே. கடையில் 'போர்டு போச்சு' என்றால் சண்டை போட வேண்டாம். "அண்ணே, ஜாக்கைத் தாண்டி வோல்ட் வருதா, பார்த்தீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பார்த்தவர் எண்ணோடு பதில் சொல்வார்.

நான் கிளம்புவதற்கு முன் லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒரு சின்னத் தாளை ஒட்டினேன். '20 வோல்ட், 3.25 ஆம்பியர். செல் மாற்றியது 14.1.2024. ரேம் துடைத்தது 13.1.2024. கோப்புகள் பிரதி: மாதம் ஒருமுறை, பென் டிரைவில்.' அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதன் கீழே அம்மா மார்க்கரில் இன்னொரு வரி சேர்த்திருந்தார்: 'வயரைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஆடினால் உடனே தம்பியிடம் சொல்லவும்.'